திம்மக்காவின் பெயரில் நடும் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

எங்கள் மாவட்டப் பசுமைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், சாலை விரிவாக்கப் பணியைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலையின் இருபுறமும் உள்ள மரங்களில் வெள்ளை வண்ணம் பூசி எண் எழுதிவிட்டீர்கள். புளி, ஆல், வேம்பு, புங்கை எதையும் விடவில்லை. பழைய மரங்கள் பட்டுப்போன இடைவெளிகளில் உங்கள் அனுமதியோடு நாங்கள் நட்டு, இப்போதுதான் தரையில் நிழல் விழத் தொடங்கியிருக்கும் இளமரங்களுக்கும் எண் விழுந்திருக்கிறது. கேட்டபோது, வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று பதில் வந்தது. அதே வாரத்தில், கர்நாடகத்தில் சாலையோரம் ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்காவின் நினைவாக நடக்கும் மரக்கன்று நடும் விழாவுக்கு, மரம் வளர்க்கும் எங்கள் தன்னார்வலர் குழுவை அழைத்து ஒரு கடிதமும் வந்தது. பச்சைச் சட்டை அணிந்து, தன்னார்வலர்களைத் திரட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தீர்கள்.

நாங்கள் வரப்போவதில்லை. ஏன் என்பதை உங்களுக்கும் ஊருக்கும் சேர்த்துச் சொல்லவே இந்த மடல்.

அழைப்பிதழில் திம்மக்காவின் படம் இருக்கிறது. 385 ஆலமரங்கள் என்ற வரியும் இருக்கிறது. அந்த மரங்கள் எப்படி மரமாயின என்பதுதான் இல்லை. கர்நாடகத்தின் மாகடி வட்டத்தில் ஹுலிகல் என்ற கிராமம். திம்மக்கா பள்ளிக்கூடம் போனதில்லை, கூலி வேலை செய்து பிழைத்தவர். கணவர் சிக்கய்யா. பிள்ளை இல்லாத அந்த இருவரும் ஹுலிகல்லுக்கும் கூதூருக்கும் இடையே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் சாலையில் ஆலங்கன்று வைக்கத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு 10 கன்றுகள். அடுத்த ஆண்டு 15. அதற்கடுத்த ஆண்டு 20. இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஓர் ஆண்டில் தங்களால் எத்தனை கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியுமோ அத்தனைதான் வைத்தார்கள். மழைக்காலத்துக்கு முன்பாக நட்டார்கள், வானம் ஒரு பங்கு ஊற்றட்டும் என்று. மீதிக்குக் குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அந்தத் தூரம் நடந்தார்கள். ஆடு மாடு வாய்வைக்காதபடி முள் வெட்டி வேலி கட்டினார்கள். 1991-ல் சிக்கய்யா இறந்தார். 1995-ல் தேசிய குடிமகன் விருது, 2019-ல் பத்மஸ்ரீ. 2025 நவம்பர் 14 அன்று திம்மக்கா மறைந்தார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர்.

பத்மஸ்ரீ வாங்கிய அதே 2019-ல் அவருக்கு நேர்ந்த இன்னொன்றையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பாகேபள்ளியிலிருந்து ஹலகூரு வரையிலான சாலையை விரிவாக்கும் திட்டம் அவருடைய ஆலமரங்கள் வழியாக வந்தது. அந்த வயதில் அவர் கர்நாடக முதலமைச்சரிடமும் துணை முதலமைச்சரிடமும் தன் மரங்களுக்காக முறையிட வேண்டியிருந்தது. மரங்களைத் தொடாமல் மாற்று வழி பார்ப்பதாக அந்த அரசு ஒப்புக்கொண்டது. அந்த மரங்களுக்கு வந்த அதே ஆபத்து இன்று எங்கள் சாலைக்கு வந்திருக்கிறது. திம்மக்காவை நினைவுகூர விரும்பும் ஒரு நிர்வாகம் 2019-ல் அந்த அரசு எடுத்த முடிவை எடுக்க வேண்டும். மேடை போட்டு அவர் படத்துக்கு மாலை அணிவிப்பது அதற்கு ஈடாகாது.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குழுவில் பெரும்பாலோர் நடிகர் விவேக் மறைந்தபோது மரம் நட வந்தவர்கள். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதற்காக 2010-ல் 'கிரீன் கலாம்' திட்டத்தைத் தொடங்கி, ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்து, 33 லட்சத்துக்கும் மேல் நட்ட நிலையில் 2021 ஏப்ரல் 17 அன்று விவேக் போய்விட்டார். அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பேர் கையில் கன்றோடு தெருவுக்கு வந்தார்கள். நாங்களும் வந்தோம். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர், தையல் கடைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். நடும் ஆசை அவரால் வந்தது. நட்டதை எப்படிக் காப்பாற்றுவது என்று தேடியபோதுதான் திம்மக்காவின் கதை எங்களுக்கு வழிகாட்டியது. எங்களால் எத்தனைக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனைதான் வைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

ஒரு கன்று மரமாவதற்கு என்ன ஆகும் என்பதை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கோப்புகளில் 'ஒன்றுக்குப் பத்து' என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இது தெரிந்தவர்கள் அந்த வரியை எழுதியிருக்க முடியாது என்று தோன்றுகிறது.

சாலையோர மண் தோட்ட மண் போன்றது அல்ல. ஜல்லியும் தாரும் கட்டட இடிபாடும் கலந்து இறுகிக் கிடக்கும். கடப்பாரை போட்டுத்தான் குழி எடுக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடியாவது இல்லாவிட்டால் வேர் இறங்காது. எடுத்த மண்ணை அப்படியே திருப்பிப் போடாமல், வண்டல் கொண்டுவந்து மக்கிய எருவோடு கலந்து நிரப்ப வேண்டும். கறுப்புப் பையைக் கிழித்துவிட்டு, பைக்குள் சுருண்டு கிடக்கும் வேர் நுனியை வெட்டிவிட்டு நட வேண்டும். விழாக்களில் அவசரத்தில் பையோடு குழிக்குள் இறக்கப்பட்ட கன்றுகளை நாங்கள் பிறகு தோண்டிப் பார்த்திருக்கிறோம். இலை காய்ந்தபின் பிடித்து இழுத்தால், பிளாஸ்டிக்குக்குள் வேர் உருண்டையாகச் சுற்றிச் செத்திருக்கும்.

நடும் நாளும் முக்கியம். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் கன்று நடுகிறீர்கள். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் அடங்காத நாள் அது. எங்கள் மாவட்டத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. புரட்டாசியில் குழி எடுத்து ஆறப்போட்டு, ஐப்பசி முதல் மழையில் நட்டால் மார்கழி வரை மண்ணே கன்றைப் பார்த்துக்கொள்ளும். ஜூனில் நட்டால் மழை வரும்வரை நான்கு மாதம் மனிதர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மனிதர்கள் யார் என்று எந்த விழாவிலும் அறிவிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

பிறகு கோடை. பங்குனியில் இலை தொங்கத் தொடங்கும். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்னால் இரண்டு கேன், பின்னால் இரண்டு கேன் கட்டிக்கொண்டு விடியற்காலையில் போவோம். வசதி கூடியபோது டிராக்டர் டேங்கர் வாடகைக்கு எடுத்தோம். அடிப்பாத்தியில் ஊற்றி, மேலே காய்ந்த சருகு போட்டு மூடுவோம். கன்று வாங்கும் செலவு இதில் மிகச் சிறியது. தண்ணீரும் டீசலும் முள்வேலியும்தான் செலவு. அதிலும் பெரிய செலவு, தவறாமல் வரும் ஓர் ஆள். முதல் கோடையில் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடவும் முடியாது. இரண்டாவது கோடையில் குப்பைக்கு வைத்த தீ தாவும், மாடு முதுகு தேய்த்துச் சாய்க்கும், மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று நுனியைக் கழித்துவிட்டுப் போவார்கள். மூன்றாவது கோடையைத் தாண்டினால்தான் வேர் ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விடலாம்.

அந்தச் சாலையில் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அவர் எந்தக் குழுவிலும் இல்லை. எந்தச் சான்றிதழும் வாங்கியதில்லை. கடைக்கு எதிரே நாங்கள் வைத்த இரண்டு புங்கங்கன்றுகளுக்கும் ஒரு மருதுக்கும் தம்ளர் கழுவும் தண்ணீரை வீணாக்காமல் ஊற்றுவார். ஆட்டுக்கூட்டம் வந்தால் கரண்டியோடு சாலைக்கு இறங்குவார். "நீங்க வாரத்துக்கு ஒருநாள் வர்றீங்க தம்பி, நான் நாள் பூரா இங்கதானே நிக்கிறேன்" என்பார். மருதின் அடிமரத்தை இப்போது இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதன் நிழலில் பெஞ்சு போட்டிருக்கிறார். உங்கள் ஆட்கள் வந்து அந்த மரத்தில் எண் எழுதியபோது, "இதையுமா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. திம்மக்கா விட்டுச்சென்ற வழியில் நடப்பவர் யார் என்று என்னைக் கேட்டால் இந்த அம்மாவைத்தான் காட்டுவேன். அவரை ஒருமுறைகூட நீங்கள் கலந்தாலோசிக்கவில்லை.

இனி 'ஒன்றுக்குப் பத்து' கணக்குக்கு வருகிறேன்.

இதே வாக்குறுதி இதே மாவட்டத்தில் முன்பும் தரப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் தெற்குப் பக்கச் சாலை அகலப்படுத்தப்பட்டபோது வரிசையாக நின்ற புளிய மரங்கள் வெட்டப்பட்டன. அப்போதும் பத்து மடங்கு நடுவோம் என்றார்கள். நட்டார்கள், அதை மறுக்கவில்லை. நாங்கள் அந்தச் சாலையின் நெடுக நடந்து பார்த்தோம். இரும்புக் கூண்டு இருக்கிறது, உள்ளே கன்று இல்லை. சில கூண்டுகளுக்குள் எருக்கு வளர்ந்திருக்கிறது. நிறுவனங்களின் பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்துத் தொங்கும் கூண்டுகளும் உண்டு. பிழைத்து நின்றவை, வீடும் கடையும் இருக்கும் இடங்களில், யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றியவை மட்டுமே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டோம். எத்தனை கன்று நடப்பட்டது என்று கேட்டதற்கு எண்ணிக்கை வந்தது. எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டதற்கு, அப்படி ஒரு பதிவேடு பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நட்டதை எண்ணியவர்கள் பிழைத்ததை எண்ணவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். அங்கே கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டார்கள். நட்ட கன்று பிழைத்தால்தான் அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. பிழைத்த ஒவ்வொரு கன்றுக்கும் காசு என்பது எவ்வளவு எளிய விதி! அந்த இயக்கம் கோடிக்கணக்கான மரங்களை உருவாக்கியது. 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. படிப்பறிவு குறைந்த பெண்களைக் கொண்டு கென்யாவின் கிராமங்களில் நடைமுறைப்படுத்த முடிந்த விதியை, கணினியும் செயற்கைக்கோள் படமும் கையில் வைத்திருக்கும் நம் நிர்வாகம் நடைமுறைப்படுத்த முடியாதா? ஒப்பந்தக்காரருக்குக் குழி எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்தால் அவர் குழியைத்தான் காட்டுவார்.

பத்துக் கன்றும் பிழைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு நேராகாது. வடக்குச் சாலையின் ஆலமரங்களில் பழம் பழுக்கும் காலத்தில் போய்ப் பாருங்கள். பகலில் குக்குறுவானும் குயிலும் மைனாவும், இரவில் பழந்தின்னி வௌவால்களும் அங்கே விருந்துண்ணும். ஒவ்வோர் ஆலும் வெவ்வேறு மாதத்தில் பழுப்பதால், மற்ற மரங்களில் பழம் இல்லாத நாட்களிலும் ஏதோ ஒரு மரம் பறவைகளுக்குச் சோறு போடும். பழைய புளிய மரங்களின் பொந்துகளில் புள்ளி ஆந்தைகள் குடியிருக்கின்றன. பொந்து விழ மரத்துக்கு வயதாக வேண்டும். ஓரடி உயரக் கன்றுகள் பத்தை வைத்தாலும் ஆயிரத்தை வைத்தாலும் ஓர் ஆந்தைக்கு இடம் கிடைக்காது. பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவருக்கும், இருசக்கர வண்டியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் சித்திரை வெயிலில் நிழல் கிடைக்காது. அந்தப் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகும்போதுதான் இன்று வைக்கும் கன்று நிழல் தரும், அதுவும் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால்.

பணக் கணக்கில்தான் பேச வேண்டும் என்றால் அதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு அளித்த அறிக்கை, ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதை ஆண்டுக்கு 74,500 ரூபாயால் பெருக்கிக் கணக்கிடலாம் என்றது. அந்தக் கணக்குப்படி 50 வயதுப் புளிய மரத்தின் மதிப்பு 37,25,000 ரூபாய். கிளைகள் பெரிதாக விரிந்த மரத்தை வெட்டினால் பத்துக் கன்று போதாது, 50 கன்று வேண்டும் என்றும், முதலில் மரம் வெட்டாத மாற்று வழிகளைப் பார்க்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை உங்களைக் கட்டுப்படுத்தாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் திட்ட மதிப்பீட்டில் தார், ஜல்லி, கம்பி எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. மரத்துக்கு மட்டும் விறகு விலை போட்டிருக்கிறீர்கள். அதை எப்படி ஏற்பது?

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சாலையில் விபத்துகள் நடக்கின்றன, ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்கிறது, எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். நாங்கள் கேட்பது, மரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வரையப்பட்ட ஒரு வரைபடம். சாலையின் கிழக்குப் பக்கம் நெடுந்தூரத்துக்கு அரசுப் புறம்போக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் அகலப்படுத்தினால் மேற்கு வரிசை முழுதாகப் பிழைக்கும். இரண்டு ஊர்களுக்கு நடுவே பழைய மரவரிசையை நடுத்திட்டாக விட்டு, அதற்கு அப்பால் புதுப் பாதை போட இடம் இருக்கிறது. ஆல், அரசு, அத்தி வகை மரங்களைக் கிளை கழித்து, வேர்ப்பந்தோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். இவற்றையெல்லாம் எங்களிடம் உள்ள ஒரு ஓய்வுபெற்ற நில அளவையர் வரைந்து கொடுத்தார். அந்த வரைபடத்தை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகையும் வாங்கியிருக்கிறோம். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால்கூட எங்கே தவறு என்று திருத்தியிருப்போம்.

மாவட்டப் பசுமைக் குழு எதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் உங்கள் முன் வைக்க வேண்டும். அரசு இடங்களில் மரம் வெட்டும் முன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆராய்ந்து முடிவெடுக்கவே அது இருக்கிறது. 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவதே இலக்கு என்று அரசு அறிவித்தது. ஏறத்தாழ பத்து சதவீதம் கூட்ட வேண்டிய மாநிலத்தில், நின்றுகொண்டிருக்கும் மரத்தை முதலில் காப்பது அந்தக் குழுவின் தலையாய வேலை அல்லவா? வெட்டும் பட்டியல் மேசைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதோடு அது முடிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மரத்தையும் நேரில் பார்த்து, இதை வெட்டாமல் முடியாதா என்று பொறியாளரைக் கேட்க வேண்டியது நீங்கள். எங்கள் சாலைக்கு அப்படி யாரும் வந்ததாகத் தெரியவில்லை. வண்ணப் பூச்சோடு வந்த ஆட்களை மட்டுமே அந்தச் சாலையில் உள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தன்னார்வலர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்களை உள்ளூர வருத்துகிறது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து கன்றுகளைப் பொறுப்பாகக் கொடுக்கிறோம். அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தான் வளர்த்த மரத்தில் வெள்ளை எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி எங்களிடம் கேட்டாள்: "அண்ணா, வெட்டத்தான் போறாங்கன்னா எதுக்கு நம்மள நடச் சொன்னாங்க?" எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் நேரில் சொல்ல வேண்டும். திம்மக்காவின் பெயரால் நூறு விழா நடத்தி நீங்கள் சேர்க்கும் ஆர்வத்தை இப்படி ஒரு காலைப்பொழுதில் நீங்களே அழித்துவிடுகிறீர்கள். மறுபடி அவளைக் குழி வெட்ட அழைத்தால் வருவாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

எனவே எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறோம்.

வடக்குச் சாலை மரங்களை வெட்டக் கொடுத்த அனுமதியை உடனே நிறுத்திவையுங்கள். பசுமைக் குழு உறுப்பினர்களும் வனத்துறையினரும் பொறியாளர்களும் எங்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து சாலை நெடுக நடந்து, ஒவ்வொரு மரத்தையும் பார்க்க வேண்டும். என்ன மரம், என்ன சுற்றளவு, ஏறத்தாழ என்ன வயது, ஏன் வெட்டியே ஆக வேண்டும் என்ற விவரத்தோடு பட்டியலைத் தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகங்களிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். காரணம் எழுத முடியாத மரத்தில் கை வைக்கக் கூடாது.

நாங்கள் கொடுத்த வரைபடத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஒருபக்க விரிவாக்கமும் நடுத்திட்டும் எந்த இடத்தில் முடியும், எந்த இடத்தில் முடியாது, ஏன் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லுங்கள். வேறு வழியே இல்லாத ஆல், அரசு மரங்களைப் பெயர்த்து நடுங்கள். அதை மழைக்காலத் தொடக்கத்தில் செய்யுங்கள். பெயர்த்து நட்ட மரத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஈடாக நடும் கன்றுகளுக்கு, நடும் நாளில் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். முதல் கோடைக்குப் பின் ஒரு பங்கு, இரண்டாவது கோடைக்குப் பின் ஒரு பங்கு, மூன்றாவது கோடைக்குப் பின் மீதி என்று, உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிக் கொடுங்கள். எண்ணும்போது எங்களையும், அந்தச் சாலையில் கடை வைத்திருப்பவர்களையும் உடன் அழையுங்கள். எண்ணிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தில் வெளியிடுங்கள். பிழைத்தவற்றுக்கான பதிவேடு இல்லை என்ற பதில் இனி இந்த மாவட்டத்திலிருந்து யாருக்கும் போகக் கூடாது.

தெற்குச் சாலையில் காலியாக நிற்கும் கூண்டுகளைக் கணக்கெடுத்து, வரும் ஐப்பசி மழைக்குள் அவற்றில் கன்று வையுங்கள். அந்தப் பழைய வாக்கு நிறைவேறும் வரை புதிய 'ஒன்றுக்குப் பத்து' வாக்கைக் காட்டி எந்த மரத்துக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். அந்த வேலைக்கு ஆட்கள் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம். கடப்பாரையும் மண்வெட்டியும் எங்களிடம் இருக்கின்றன. டேங்கர் தண்ணீரை மட்டும் நீங்கள் உறுதி செய்யுங்கள்.

திம்மக்கா நினைவு விழாவுக்குப் பந்தல், மேடை, விளம்பரப் பலகை, பச்சைச் சட்டை ஆகியவற்றுக்கு ஒதுக்கிய தொகையை, ஏற்கெனவே நட்டு வாடிக்கொண்டிருக்கும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் முள்வேலி கட்டவும் மாற்றிவிடுங்கள். தேநீர்க் கடை அம்மாவைப் போல மரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களைக் கண்டறிந்து, அவர்கள் விரும்பினால், பிழைக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் மாதந்தோறும் ஊதியம் கொடுங்கள்.

கடைசியாக, பசுமைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். வரைபடம், தகவல் உரிமைக் கடிதம், தெற்குச் சாலைக் கூண்டுகளின் புகைப்படங்கள் மூன்றையும் கொண்டுவருகிறோம். அந்த மாணவியும் வருவாள். கூட்டத்தின் தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அந்தக் கூட்டம் முடிந்து முடிவு வெளியாகும்வரை வடக்குச் சாலையில் ஒரு மரத்திலும் ரம்பம் படாது என்ற உத்தரவை இந்த வாரமே பிறப்பியுங்கள்.

இப்படிக்கு,
வடக்குச் சாலை மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவரும் தன்னார்வலர்கள் சார்பாக,
அவர்களில் ஒருவர்